காலுக்குத் தாளம்: பார்க்கின்சன் கேள்வி-பதில்

பார்க்கின்சன் நோய் பற்றி வந்த கேள்விகளில் நடை, பயிற்சி, பாட்டு சம்பந்தப்பட்டவற்றை மட்டும் இந்த முறை எடுத்துக்கொள்கிறேன். மாத்திரை அளவைக் கூட்டலாமா குறைக்கலாமா என்று கேட்டவர்கள் உங்கள் நரம்பியல் மருத்துவரிடம் கேளுங்கள். நான் இயன்முறை மருத்துவர், அது என் வேலை இல்லை.

அப்பாவுக்கு 71 வயது. கூடத்தில் நன்றாக நடக்கிறார். சமையலறை நிலைப்படி வந்ததும் கால் தரையோடு ஒட்டிக்கொண்ட மாதிரி நின்றுவிடுகிறார். பின்னாலிருந்து லேசாகத் தள்ளிவிடலாமா?
வாசகி, மன்னார்குடி

தள்ளவே கூடாது. கால் நின்ற இடத்தில் இருக்க உடம்பு மட்டும் முன்னால் போகும், குப்புற விழுவார். கையைப் பிடித்து இழுத்தாலும் இதேதான்.

வாசற்படி, குறுகலான சந்து, திரும்பும் இடம் என்று இந்த உறைதலுக்குப் பிடித்த இடங்கள் உண்டு. யோசிக்காமல் நடக்கும் நடையை மூளையின் ஆழத்திலுள்ள நரம்பு முடிச்சுகள் பார்த்துக்கொள்கின்றன. இந்த நோயில் டோபமின் என்ற மூளை ரசாயனம் குறைவதால் அந்த வேலை தடுமாறும். ஆனால் கண்ணெதிரே ஒரு கோட்டைக் காட்டி ‘இதைத் தாண்டுங்கள்’ என்றால், மூளை வேறு பாதையில் காலுக்கு உத்தரவு அனுப்புகிறது. பலருக்கு உடனே கால் எழும்பும்.

அதனால் நிலைப்படிக்கு முன்னும் பின்னும், நடக்கும் திசைக்குக் குறுக்காக, நாலைந்து பட்டை டேப் ஒட்டுங்கள். அவர் வசதியாக எடுத்து வைக்கும் ஓர் அடிதான் இடைவெளி. பழைய வீட்டுச் சிவப்புத் தரையென்றால் வெள்ளையோ மஞ்சளோ பளிச்சென்று தெரியும். கோலமாவில் போடாதீர்கள், வழுக்கும்.

நின்றுவிட்டால் முதலில் நிமிரட்டும். உடல் எடையை இடது கால், வலது கால் என்று இரண்டு மூன்று முறை மாற்றிவிட்டு, ஒரு பெரிய அடி. அந்த நேரம் பார்த்து உள்ளேயிருந்து ‘காபி ஆறுது, சீக்கிரம் வாங்க’ என்று குரல் கொடுக்காதீர்கள். அவசரப்படுத்தினால் உறைதல் கூடும்.

என் கணவருக்கு நாகஸ்வரம் என்றால் உயிர். வீட்டில் நிறைய ரெக்கார்டிங் இருக்கிறது. அதைப் போட்டுவிட்டு நடக்கச் சொல்லலாமா?
வாசகி, திருவையாறு

ஆலாபனையைச் சாய்வு நாற்காலியில் கேட்கட்டும், மனசுக்கு நல்லது. நடைக்குத் தேவை சீராக விழும் தட்டு. ‘மல்லாரி சுவாமி புறப்பாட்டுக்கு வாசிப்பதுதானே?’ என்று திருவையாற்றுக்காரர் கேட்கத்தான் செய்வார். சரிதான், ஆனால் அதில் காலம் மாறும். தவில் தனி ஆவர்த்தனத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அதன் பின்னால் போகும் கால் குழம்பிவிடும்.

முதலில் ஒரு நிமிடம் இயல்பாக நடக்கவிட்டு அடிகளை எண்ணுங்கள். 90 வந்தால் போனில் மெட்ரோனோம் செயலியை (சீராகத் தட்டிக்கொண்டே இருக்கும்) நிமிடத்துக்கு 90-இல் வைத்து, ஒரு தட்டுக்கு ஓர் அடி. அது பழகியதும் 5 முதல் 10 சதவீதம் கூட்டலாம். கால் உறைபவர், குட்டி அடி வைத்து ஓட்டமாக ஓடுபவர் என்றால் கூட்டவே கூடாது, 90-க்குக் கொஞ்சம் கீழேயே வையுங்கள். 1996-இல் அமெரிக்காவின் கொலராடோவில் மைக்கேல் தௌட் குழுவினர் மூன்று வாரம் இப்படித் தாளத்தோடு நடக்கப் பழக்கியபோது, நோயாளிகளின் நடை வேகமும் அடியின் நீளமும் கூடின.

தாளம் பிடிபட்டதும் செயலிகூட வேண்டாம். ‘த-க-தி-மி’ என்று வாய்க்குள் சொல்லி, எழுத்துக்கு ஓர் அடி வைக்கலாம். கையில் தாளம் போட வேண்டாம். ஏற்கெனவே கைவீச்சு குறைந்திருக்கும், கை தாராளமாக வீசட்டும். தெருவில் இரண்டு காதிலும் இயர்போன் மாட்டக் கூடாது, மினி பஸ் ஹார்ன் கேட்காது.

நடக்கத் தடுமாறுகிற அண்ணன் சைக்கிள் மட்டும் ஜோராக ஓட்டுகிறார். நடிக்கிறாரோ என்று வீட்டில் பேச்சு.
வாசகர், மயிலாடுதுறை

நடிப்பில்லை, அவரை விட்டுவிடுங்கள். இரண்டடி வைத்தாலே உறைந்து விழுந்த ஒருவர் சரளமாக சைக்கிள் ஓட்டியதை நெதர்லாந்து மருத்துவர் பாஸ் ப்ளூம் 2010-இல் வீடியோவோடு பதிவு செய்தார். ஆனால் ஏறும்போதும் இறங்கும்போதும் விழலாம். வீட்டுக்குள் நிற்கும் பயிற்சி சைக்கிள் வாங்கிக் கொடுங்கள்.

குரல் கம்மிவிட்டது. பாட்டு உதவுமா?
வாசகர், கும்பகோணம்

உதவலாம். தேவாரப் பதிகம் தெரிந்தவர் என்றால் தினமும் ஒரு பதிகம், அடுத்த அறைக்குக் கேட்கும்படி. ‘கத்துகிறேனோ’ என்று அவருக்குத் தோன்றும். பெரும்பாலும் அதுதான் நமக்கு வழக்கமான சத்தம். சாப்பிடும்போது புரையேறினால் பேச்சுப் பயிற்சியாளரிடம் காட்டுங்கள், தள்ளிப்போடாதீர்கள்.

குறுவை நேரம், வயலுக்குப் போகாமல் இருக்க முடியவில்லை. வரப்பில் நடப்பதும் உடற்பயிற்சிதானே?
வாசகர், நீடாமங்கலம்

வரப்பு வேண்டாம். குறுகல், ஈரம், போதாததற்கு நண்டு வளை. களத்தில் நடங்கள். மாத்திரை நன்றாக வேலை செய்யும் நேரமாகப் பார்த்து, வெயில் ஏறும் முன். கொஞ்சம் மூச்சு வாங்கும் வேகம் வேண்டும். 2018-இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில் ஆரம்ப நிலையிலிருந்த 128 பேர் பங்கேற்றார்கள். டிரெட்மில்லில் இதயத் துடிப்பை உச்ச அளவில் 80 முதல் 85 சதவீதம் வரை ஏற்றி நடந்தவர்களுக்கு ஆறு மாதத்தில் அறிகுறிகள் அவ்வளவாக மோசமாகவில்லை. அந்த வேகத்துக்குப் போகுமுன் இதயத்தைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். அப்புறம், களத்தின் கோடியில் நின்ற இடத்திலேயே சுழன்று திரும்பாதீர்கள். மாடு பூட்டிய வண்டியைத் திருப்புகிற மாதிரி, அகலமாக வளைந்து திரும்புங்கள்.