பதில்: ராத்திரியில் உறைந்துபோகும் லினக்ஸ் பெட்டி (மன்னார்குடி, அரிசி ஆலை)

வணக்கம் சார். வெளியிலிருந்து யாராவது போர்ட் ஸ்கேன் (எந்த வாசல் திறந்திருக்கிறது என்று ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்ப்பது) செய்தாலே பெட்டி உறைகிறது, இணைய லைனோ நிரம்பவில்லை என்கிறீர்கள். ரேம் கூட்டச் சொன்னவர் பேச்சைக் கேட்டுக் காசைக் கரியாக்காதீர்கள்.

நீங்கள் ஒட்டியிருக்கும் ஐபிடேபிள்ஸ் (லினக்ஸின் ஃபயர்வால்) விதிகளில், பாக்கெட்டைத் தடுக்கும் கடைசி டிராப்புக்கு முன்னால், அதைப் பதிவு செய்யும் ஒரு லாக் விதி இருக்கிறது, வரம்பே இல்லாமல். கூடவே 9600 வேகத்தில் சீரியல் கன்சோல், அதாவது பெட்டியின் செய்திகளை ஒரு கம்பி வழியே எழுத்தெழுத்தாக வெளியே அனுப்பும் வழி. வில்லங்கம் அங்கேதான். தடுக்கப்படும் ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) அந்தக் கன்சோலில் கிட்டத்தட்ட 200 எழுத்தில் ஒரு வரி எழுதுகிறது. அந்த வேகத்தில் நொடிக்கு 960 எழுத்துதான் போகும், அதாவது ஐந்து வரிகூடத் தேறாது. ஸ்கேனில் வரும் பாக்கெட்டுகளோ ஆயிரக்கணக்கில். வரி வெளியேறும்வரை பிராசசர் அங்கேயே காத்து நிற்கும். வெண்ணாற்றுத் தண்ணீரை ஒரு வயல் மடையில் திருப்பிவிட்ட கதை!

இன்றைக்கே 'டிமெசேஜ் -என் 4' (dmesg -n 4) கொடுங்கள்; எச்சரிக்கையை விடக் கடுமையான செய்திகள் மட்டும் கன்சோலுக்குப் போகும். லாக் விதியின் வரிகள் எச்சரிக்கை நிலையில் வருவதால் கன்சோலுக்குப் போகாது. பிறகு அந்த விதியில் லிமிட் மாட்யூலைச் (எத்தனை வரி எழுதலாம் என்று வரம்பு போடுவது) சேர்த்து நிமிடத்துக்கு 5 வரி என்று வையுங்கள்.

இன்னொன்று, கெர்னலின் பதிவு இடம் வட்டமாகச் சுற்றுவது. குப்பை வரிகள் பெருகினால் பழையவை அழியும்; உள்ளே நுழைந்தவன் தடயமும் அதோடு போகலாம். எல்லாப் பாக்கெட்டும் பதிவாக வேண்டுமென்றால் என்எஃப்லாக் (NFLOG, லாக் விதிக்குப் பதிலான இன்னொரு பதிவு வழி) பக்கம் போங்கள், அது கன்சோலைத் தொடாது.

பதிவுக் கோப்புகள் சேரும் வார் (/var) பார்ட்டிஷனில் எவ்வளவு இடம் மிச்சம் என்றும் பார்த்துச் சொல்லுங்கள் சார்.