சிறைச்சாலையைக் குத்தகைக்கு விடலாமா? – வாசகர் கேள்விகள்

கேள்வி: சென்னையின் பல மண்டலங்களில் குப்பை அள்ளும் பணியே ஒப்பந்தக்காரர்களிடம் போய்விட்டது. சிறைகளை மட்டும் அரசு ஏன் இன்னும் கட்டிக்கொண்டு அழ வேண்டும்? அமெரிக்காவில் தனியார் சிறைகள் இருக்கின்றனவே?
– ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர், பெரம்பூர்

பதில்: இருக்கின்றன. இத்துறையின் மிகப் பெரிய நிறுவனங்களுள் ஒன்று 1983-இல் டென்னசி மாநிலத்து நாஷ்வில் நகரில் தொடங்கப்பட்டது. ஆனாலும் அந்நாட்டுச் சிறைவாசிகளில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவானவர்களே தனியார் சிறைகளில் இருக்கிறார்கள். ஆகவே அங்கே சிறைகள் நிரம்பி வழிவதற்கான முழுப் பழியையும் நிறுவனங்களின் தலையில் கட்டுவது நியாயமாகாது. கடுமையான தண்டனைச் சட்டங்களால் அரசுச் சிறைகளில் இடமில்லாமல் போன பிறகே அவற்றுக்கு வாசல் திறந்தது.

தனியாரிடம் விட்டால் அரசுக்குச் செலவு மிச்சமாகும் என்று உங்களுக்குத் தோன்றலாம். பணம் எந்தக் கணக்கில் தரப்படுகிறது என்பதை நான் முதலில் பார்ப்பேன். பெரும்பாலும் ஒரு கைதிக்கு ஒரு நாளுக்கு இவ்வளவு என்று பேசிக்கொள்கிறார்கள். பல ஒப்பந்தங்களில் எண்பது முதல் நூறு சதவீதம் வரை இடங்கள் நிரம்பியிருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் உண்டு. நிரம்பாவிட்டால் காலிப் படுக்கைக்கும் அரசு பணம் கட்ட வேண்டும். கல்யாணத்தில் சமையல் காண்டிராக்டரிடம் ஐந்நூறு இலைக்குச் சொல்லிவிட்டு நானூறு பேர் வந்தாலும் ஐந்நூறு இலைக்குப் பணம் எண்ணிக் கொடுக்கிறோமே, அதே கணக்குத்தான். பந்தியில் அது நமக்குக் கொஞ்சம் கைநஷ்டம், அவ்வளவே. சிறையில் அப்படிப் பேசிக்கொண்டால், கைதிகளின் எண்ணிக்கை குறைவது கஜானாவுக்கே நஷ்டம் என்றாகிவிடும்.

இதில் பணம் எதுவரை பாயும் என்பதற்குப் பென்சில்வேனியாவின் லூசர்ன் மாவட்ட வழக்கு இருக்கிறது. தனியார் சிறார் காப்பகங்களோடு தொடர்புடையவர்களிடமிருந்து 28 லட்சம் டாலர் வரை பெற்றதாக அங்கே இரண்டு நீதிபதிகள் பிடிபட்டனர். சிறு தவறு செய்த பிள்ளைகள்கூட அந்தக் காப்பகங்களுக்கு அனுப்பப்பட்டிருந்தார்கள். 2011-இல் அவர்களில் ஒருவருக்கு 28 ஆண்டுகளும் மற்றவருக்குப் பதினேழரை ஆண்டுகளும் தண்டனை கிடைத்தது. சிறார்கள் மீதான ஆயிரக்கணக்கான தீர்ப்புகளை மாநில உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. ஆனால் அந்தப் பிள்ளைகள் இழந்த பள்ளிக்கூட நாட்களைத் திருப்பித் தர எந்த நீதிமன்றத்தாலும் ஆகவில்லை.

தனியார் நடத்தினால் ஒழுங்கு இருக்கும் என்ற பேச்சும் அடிபடுகிறது. இங்கிலாந்தின் பர்மிங்காம் சிறை தனியார் கையில் இருந்தபோது 2016 டிசம்பரில் அங்கே பெரிய கலவரம் வெடித்தது. 2018-இல் அரசே அதன் பொறுப்பை ஏற்க நேர்ந்தது. இலாபம் இருக்கும் வரை நிறுவனம், நெருப்புப் பிடித்தால் அரசு.

கேள்வி: நம் நாட்டுச் சட்டப்படி இது சாத்தியமா?
– சட்டக் கல்லூரி மாணவி, ராயபுரம்

பதில்: சிறை நிர்வாகம் அரசமைப்பின் ஏழாம் அட்டவணையில் மாநிலப் பட்டியலில் வருகிறது, ஆகவே பேச்சு எழுந்தால் அது கோட்டையில்தான் எழும். நீங்கள் தேடிப் படிக்க வேண்டியது 2009 நவம்பரில் இஸ்ரேல் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு. தனியார் சிறைக்கு வழிசெய்த 2004-ஆம் ஆண்டுச் சட்டத்தை, பீர்ஷெபா அருகே அதற்கான சிறை எழும்பி நின்ற நிலையிலும், அந்த நீதிமன்றம் செல்லாது என்றது. வசதி கூடுமா, செலவு குறையுமா என்பதில் அது தன் முடிவை நிறுத்தவில்லை. ஒருவரது சுதந்திரத்தைப் பறிக்கும் அதிகாரத்தை இலாப நோக்குள்ள நிறுவனத்திடம் கொடுப்பதே அவருடைய சுதந்திரத்துக்கும் கண்ணியத்துக்கும் ஊறு என்று அது கருதியது.

கேள்வி: என் தம்பி திருட்டு வழக்கில் ரிமாண்டாகி ஏழு மாதமாகப் புழலில் இருக்கிறான். ஜாமீன் கிடைத்தும் ஜாமீன்தாரர் அமையவில்லை. தனியார் வந்தால் சாப்பாடும் வைத்தியமுமாவது நன்றாக இருக்காதா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, வியாசர்பாடி

பதில்: உங்கள் கேள்வியைப் படித்ததும் புழல் வாசலில் மனு பார்க்கக் காத்திருப்பவர்களின் வரிசை நினைவுக்கு வந்தது. கையில் ஆதார் நகல், பிளாஸ்டிக் பையில் பிஸ்கட் பாக்கெட்டும் மாற்றுத் துணியும், இடுப்பில் குழந்தை. அன்றைய கூலியை விட்டுவிட்டு வந்த பெண்கள்தான் அந்த வரிசையில் அதிகம்.

நல்ல சாப்பாடும் மருத்துவமும் உங்கள் தம்பிக்கு உரிமை. அவற்றை அரசிடமே கேட்டுப் பெற வேண்டும். தலைக்கு இவ்வளவு என்று பணம் வாங்குபவருக்கு, சோற்றிலும் மருந்திலும் மிச்சம் பிடிப்பதே இலாபத்துக்குச் சுலபமான வழி.

அதைவிட முக்கியமான ஒன்றைச் சொல்கிறேன். 2022-ஆம் ஆண்டு இறுதிக் கணக்குப்படி இந்தியச் சிறைகளில் இருந்த சுமார் 5.73 லட்சம் பேரில் 4.34 லட்சம் பேர் விசாரணைக் கைதிகள். நான்கில் மூன்று பேர் தண்டனை பெறாமலே உள்ளே இருக்கிறார்கள். 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 479-ஆம் பிரிவு, முன்பு தண்டனை பெறாதவர் தன் மீதான குற்றத்துக்குரிய அதிகபட்சத் தண்டனைக் காலத்தில் மூன்றில் ஒரு பங்கை உள்ளேயே கழித்துவிட்டால் அவரைப் பிணையில் விடச் சொல்கிறது. மரண தண்டனை அல்லது ஆயுள் தண்டனைக்குரிய குற்றங்களுக்கு இது பொருந்தாது. ஒன்றுக்கு மேற்பட்ட வழக்குகள் நிலுவையில் இருந்தாலும் பொருந்தாது. அந்தக் காலம் முடிந்ததும் நீதிமன்றத்துக்கு எழுத வேண்டிய கடமையைச் சட்டம் சிறைக் கண்காணிப்பாளர் மீது சுமத்தியிருக்கிறது. அந்த நாற்காலியில், ஒவ்வொரு விடுதலைக்கும் ஒரு தலையின் வருமானம் குறையும் நிறுவனத்தின் மேலாளர் உட்கார்ந்திருப்பதாக எண்ணிப் பாருங்கள். அவர் கெட்டவராக இருக்க வேண்டியதில்லை. விண்ணப்பம் மேசையில் இரண்டு வாரம் கிடந்தாலே போதும்.

உங்கள் தம்பியின் வழக்கில் பணம்தான் தடையென்றால், ஏழைக் கைதிகளுக்காக 2023-இல் மத்திய அரசு வகுத்த திட்டத்தில் தகுதியுள்ள விசாரணைக் கைதிகளுக்குப் பண உதவி கிடைக்க இடமிருக்கிறது. ஜாமீன் நிபந்தனையைத் தளர்த்தும்படி நீதிமன்றத்திலும் மனு செய்யலாம். இரண்டுக்கும் வழக்கறிஞர் கட்டணம் தேவையில்லை: 15100 என்ற இலவச எண்ணில் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அழையுங்கள். ஜாமீன் உத்தரவின் நகல், வழக்கு எண், ரிமாண்ட் ஆன தேதி, உங்கள் குடும்ப அட்டை ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.