தாத்தாவின் பண்ணையைக் கலை மையமாக்கினால் அதன் உயிர் போய்விடுமா?

குடும்பப் பண்ணையைக் கலை மையமாக மாற்றினால் அதன் பழைய உயிர் போய்விடாதா என்று கேட்டிருக்கிறீர்கள். போக வேண்டியதில்லை. நான் நேரில் பார்த்து நெகிழ்ந்த ஓர் இடத்தைச் சொல்கிறேன்.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், பெர்க்‌ஷயர் மலைப்பகுதியில் பெக்கெட் என்றொரு சிற்றூர் இருக்கிறது. 1790இல் கார்ட்டர் குடும்பம் அங்கே குடியேறிப் பண்ணை அமைத்தது. மேட்டுக்கு வளைந்து வளைந்து ஏறும் பாதையை ஊரார் யாக்கோபின் ஏணி என்றார்கள். வீட்டுக்குப் பின்னால் தலையணை போல ஒரு பாறை. பைபிளில் யாக்கோபு ஒரு கல்லைத் தலைக்கு வைத்துத் தூங்கியபோதுதானே அந்த ஏணியைக் கனவில் கண்டான்! ‘ஜேக்கப்ஸ் பில்லோ’ (யாக்கோபின் தலையணை) என்ற பெயர் அப்படி வந்தது.

1931இல் நடனக் கலைஞர் டெட் ஷான் இந்தப் பண்ணையை வாங்கினார். ஆண் மேடையில் ஆடினால் ஏளனம் செய்த காலம் அது. 1933இல் ஆண்களை மட்டுமே சேர்த்து அவர் ஒரு குழு தொடங்கினார். அந்த இளைஞர்கள் நடனம் பயின்றதோடு நிற்கவில்லை. மரம் வெட்டினார்கள், கல் சுமந்தார்கள், கட்டடமும் எழுப்பினார்கள். பழைய களஞ்சியம் பயிற்சிக்கூடமாயிற்று. பார்க்க வந்தவர்களுக்குத் தேநீர் பரிமாறிவிட்டு, அங்கேயே ஆடிக் காட்டினார்கள். 1934இல் ஷான் அமைத்த ஒரு நடனம் வயல் வேலையையும் காட்டு வேலையையும் கடல் தொழிலையுமே அசைவுகளாக்கியது. நிலத்தில் வளைந்த உடம்புதான் மேடையிலும் வளைந்தது. எனக்கு இதைவிட நல்ல பதில் தெரியவில்லை.

குழு 1940இல் கலைந்தது. இடமும் கைமாறிப் போகவிருந்தது. அக்கம்பக்கத்து ஆர்வலர்கள் 50,000 டாலர் திரட்டி நிலத்தை மீட்டு, 1942இல் அரங்கமும் கட்டினார்கள். நடனத்துக்கென்றே அமெரிக்காவில் எழுந்த முதல் அரங்கம் அது. போர்க்காலப் பெட்ரோல் பங்கீட்டின்போது ரசிகர்கள் மேடேறி நடந்தே வந்திருக்கிறார்கள்.

1962இல் நம் பரதநாட்டியக் கலைஞர் பாலசரஸ்வதி அங்கே ஆடினார். வீணை தனம்மாளின் பேத்தி, சென்னையிலிருந்து அவ்வளவு தொலைவில், ஒரு மலைப் பண்ணையில் அபிநயம் பிடித்தார் என்று எண்ணியபடியேதான் அந்த மண்ணில் நடந்தேன்.

அந்த அரங்கமும் களஞ்சியத்தின் சாயலில், மரத்தாலானது. மேடைக்குப் பின்னால் பெரிய கதவுகள் இருக்கின்றன. அவற்றைத் திறந்தால் ஆடுபவர்களுக்குப் பின்திரை காடுதான். உங்கள் தாத்தாவின் பண்ணையிலும் முதலில் பளிங்குத் தரை போடாதீர்கள். எந்தக் கதவைத் திறந்தால் வயல் தெரிகிறது என்று பாருங்கள். மேடையை அங்கே வையுங்கள்.