லிங்க்ட்இன்னில் 500 கனெக்‌ஷன் இருந்தும் பதில் வரவில்லையா?

வேலை, தொழில் தொடர்புகளுக்கான தளமான லிங்க்ட்இன்னில் கணக்குத் தொடங்கி ஒரு வருடம் ஆயிற்று, 500 பேருக்கு மேல் தொடர்பில் (கனெக்‌ஷன்) சேர்ந்தாயிற்று, இன்டர்ன்ஷிப் மட்டும் அமையவில்லை. இறுதியாண்டு மாணவர்கள் லிங்க்ட்இன் பற்றிச் சொல்லும் குறை பெரும்பாலும் இதுதான். அந்த 500 பேரில் முக்கால்வாசி கூடப் படிப்பவர்கள்; அவர்களும் அதே வேலையைத்தான் தேடிக்கொண்டிருக்கிறார்கள். மீதிப் பேர் யார், ஏன் சேர்த்தோம் என்பது உங்களுக்கே நினைவிருக்காது. எண்ணிக்கையை இத்தோடு மறந்துவிடுங்கள். 500-ஐத் தாண்டினால் பக்கத்தில் '500+' என்றுதான் காட்டும், அதற்கு மேல் அதற்கு மதிப்பு கிடையாது.

மாணவருக்கு உண்மையில் பலன் தரும் இடம் ஒன்று உண்டு, பலர் அதைத் திறப்பதே இல்லை. உங்கள் கல்லூரியின் பக்கத்துக்குப் போய் 'அலும்னை' என்பதை அழுத்துங்கள். கைப்பேசியைவிடக் கணினியில் செய்வது வசதி. முன்னாள் மாணவர்கள் எங்கே வசிக்கிறார்கள், எந்த நிறுவனத்தில், என்ன வேலையில் இருக்கிறார்கள், என்ன படித்தார்கள் என்று தனித்தனியாக வடிகட்டலாம். படித்த ஆண்டையும் குறுக்கலாம். உங்களுக்கு 2 முதல் 6 ஆண்டு முன்னால் முடித்தவர்களை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் வேலைக்கு என்ன கேட்டார்கள் என்பது அவர்களுக்கு இன்னும் நினைவிருக்கும். இருபது ஆண்டு அனுபவம் உள்ளவர் பெரிய பதவியில் இருப்பார். ஆனால் புதியவர்களை இப்போது எப்படி எடுக்கிறார்கள் என்பது அவருக்கே தெரியாமல் இருக்கலாம்.

பட்டியலில் எதிர்பார்த்ததைவிடக் குறைவான பேர் இருந்தால் கல்லூரிக்கு இரண்டு பக்கம் இருக்கிறதா, பல்கலைக்கழகத்தின் பெயரில் சேர்ந்திருக்கிறார்களா என்று பாருங்கள். உங்கள் பக்கத்திலும் இதே கோளாறு இருக்கலாம். கல்லூரிப் பெயரைத் தட்டச்சு செய்யும்போது கீழே விரியும் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்க வேண்டும். வெறுமனே எழுதிவிட்டால் கல்லூரிப் பக்கத்தோடு இணையாது. உங்களை வடிகட்டித் தேடுபவருக்கு நீங்கள் தென்படவே மாட்டீர்கள்.

யாருக்கும் எழுதுவதற்கு முன் ஒரு இருபது பேரின் பக்கத்தைப் படியுங்கள். முதல் வேலையின் பதவிப் பெயர், அதற்கு முன் செய்த இன்டர்ன்ஷிப், குறிப்பிட்டிருக்கும் திறன்கள் ஆகிய மூன்றையும் ஒரு தாளில் எழுதுங்கள். புள்ளியியல் படித்த ஒருவர் 'டேட்டா அனலிஸ்ட்' என்று மட்டும் தேடிக்கொண்டிருப்பார். ஏறக்குறைய அதே வேலை ஒரு நிறுவனத்தில் 'எம்ஐஎஸ் எக்ஸிகியூட்டிவ்', இன்னொன்றில் 'ரிஸ்க் அனலிஸ்ட்', வேறொன்றில் 'ரிப்போர்ட்டிங் அசோசியேட்' என்று இருக்கும். வேலை விளம்பரத்தில் தேடும்போது இந்தப் பெயர்கள் எல்லாவற்றுக்கும் தனித்தனி அலெர்ட் வைத்துவிடுங்கள். வாய்ப்பே இல்லை என்று நினைப்பவர்களில் பலருக்கு இல்லாதது சரியான பதவிப் பெயர்தான்.

இனி எழுதுவது. இலவசக் கணக்கில் குறிப்புடன் கூடிய அழைப்புகளை (தொடர்பில் சேரச் சொல்லும் கோரிக்கைகளை) மாதத்துக்குச் சிலருக்குத்தான் அனுப்ப முடியும். குறிப்பும் 200 எழுத்துக்குள் முடிய வேண்டும். ஆகவே அதை வீணாக்கக் கூடாது. 'வணக்கம் சார், உங்கள் நிறுவனத்தில் ஏதாவது வேலை இருந்தால் சொல்லுங்கள், ரெஸ்யூமே இணைத்துள்ளேன்' என்று வருவதற்குப் பதில் எழுத யாருக்கும் கை வராது. என்ன வேலை, எந்தப் பிரிவு என்று அவரே உட்கார்ந்து யோசிக்க வேண்டியிருக்கிறது. இதைப் பாருங்கள்:

'வணக்கம். உங்கள் கல்லூரியில், உங்கள் துறையிலேயே இறுதியாண்டு படிக்கிறேன். காப்பீட்டு அனாலிட்டிக்ஸில் முதல் வேலைக்கு எஸ்க்யூஎல் போதுமாக இருந்ததா, பைத்தானும் கேட்டார்களா?'

(எஸ்க்யூஎல், பைத்தான் இரண்டும் தரவைக் கையாள உதவும் கணினி மொழிகள்.) இதற்கு அரை நிமிடத்தில் பதில் சொல்லிவிடலாம். அவர் பக்கத்தைப் படித்துவிட்டுத்தான் எழுதியிருக்கிறீர்கள் என்பதும் தெரிகிறது. வேலை கேட்கவே இல்லையே என்று தோன்றும். முதல் செய்தியில் கேட்கத் தேவையில்லை. பதில் வந்தால் நன்றி சொல்லி, அவர் சொன்னதைச் செய்து முடித்த பிறகு அதைத் தெரிவித்து, 'உங்கள் பிரிவில் ஆள் எடுக்கும்போது என் பெயரைப் பரிந்துரைக்க முடியுமா' என்று அப்போது கேளுங்கள். பல நிறுவனங்களில் ஊழியர் பரிந்துரைக்குத் தனி வழி இருக்கிறது. உங்களைப் பற்றி நாலு வரி சொல்லத் தெரிந்தவர்தான் அதைச் செய்வார். பதில் வராவிட்டால் பத்து நாள் கழித்து ஒரே ஒரு நினைவூட்டல், அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். 'ப்ரோ' என்று விளிக்கவே வேண்டாம்.

அழைப்பைக் கண்டபடி அள்ளி வீசினால் இன்னொரு சிக்கல் வரும். ஏற்கப்படாமல் கிடப்பவை பெருகினாலும், 'இவரைத் தெரியாது' என்று பலர் குறித்தாலும் தளம் உங்களைக் கட்டுப்படுத்தும். பழைய அழைப்பைத் திரும்பப் பெறலாம். ஆனால் அதே நபருக்கு மறுபடி அனுப்ப மூன்று வாரம் வரை காத்திருக்க வேண்டும்.

உங்கள் செய்தியைப் படித்தவர் அடுத்து செய்வது உங்கள் பெயரை அழுத்துவது. அங்கே பெயருக்குக் கீழே வரும் ஹெட்லைனில் 'கனவுகளைத் துரத்துபவர், கற்றலில் தீராத ஆர்வம்' என்று இருந்தால் அவருக்கு ஒன்றும் விளங்காது. ஆள் தேடும் ரெக்ரூட்டர் பதவிப் பெயரையும் திறனையும் போட்டுத் தேடுகிறார். 'ஆர்வம்' என்று போட்டு யாரும் தேடுவதில்லை. 'புள்ளியியல் இறுதியாண்டு | எஸ்க்யூஎல், எக்செல், பவர் பிஐ | ரிஸ்க் அனாலிட்டிக்ஸ் இன்டர்ன்ஷிப் தேடுகிறேன்' என்பது போதும். ஹெட்லைனுக்கு 220 எழுத்து, உங்களைப் பற்றி எழுதும் 'அபௌட்' பகுதிக்கு 2,600 எழுத்து இடமுண்டு, முழுவதையும் நிரப்ப வேண்டும் என்ற அவசியமில்லை. செய்த ஒரு புராஜெக்டை மட்டும் எடுத்துக்கொண்டு என்ன தரவு, எத்தனை வரிசை, என்ன கண்டுபிடித்தீர்கள் என்று ஆறு வரி எழுதினால் பத்துச் சான்றிதழ் படங்களைவிட மேல்.

மறந்துவிடும் ஒரு சின்ன விஷயம்: கல்லூரி மின்னஞ்சலில் கணக்கு தொடங்கியிருந்தால் உடனே சொந்த மின்னஞ்சலையும் சேர்த்து, அதை முதன்மையாக்குங்கள். படிப்பு முடிந்து கல்லூரி முகவரி மூடப்பட்டால், பாஸ்வேர்டு மறந்த அன்று கணக்கை மீட்பது பெரும்பாடு. வேலை தேடுவதைப் படத்தைச் சுற்றிக் காட்டும் 'ஓப்பன் டு வொர்க்' பச்சை வளையம் மாணவருக்கு ஒரு கெடுதலும் செய்யாது. ஏற்கெனவே வேலையில் இருப்பவர் 'ரெக்ரூட்டர்களுக்கு மட்டும்' என்று வைக்கலாம். அப்போதும் சொந்த நிறுவனத்துக்குத் தெரியாது என்று தளம் முழு உத்தரவாதம் தருவதில்லை.

தளத்திலிருந்தே விண்ணப்பிக்க உதவும் 'ஈஸி அப்ளை' பொத்தானை அழுத்துவது சுலபம் என்பதால் எல்லோரும் அழுத்துகிறார்கள். விளம்பரம் வந்த முதல் நாளிலேயே போடுங்கள். முன்பு ஏற்றிய பழைய ரெஸ்யூமே போய்விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நிறுவனத்தின் சொந்தத் தளத்திலும் அதே வேலை இருந்தால் அங்கேயே விண்ணப்பிப்பது நல்லது.

பெற்றோர் கேட்கும் இரண்டு கேள்விகளுக்கும் பதில் சொல்லிவிடலாம். பணம் கட்டும் பிரீமியம் கணக்கு வாங்கித் தர வேண்டுமா? முதல் வேலைக்குத் தேவையில்லை. மேலே சொன்ன அலும்னை தேடல் இலவசக் கணக்கிலேயே கிடைக்கிறது. இலவச மாதம் என்று சேர்ந்தால், அது முடிவதற்குள் ரத்து செய்யாவிட்டால் அட்டையிலிருந்து பணம் போகும். மோசடி நடக்குமா? நடக்கும். நேர்காணலே இல்லாமல் வேலை உறுதி என்பது, பேச்சை உடனே வாட்ஸ்அப்புக்கோ டெலிகிராமுக்கோ மாற்றச் சொல்வது, பயிற்சிக்கோ லேப்டாப்புக்கோ முன்பணம் கேட்பது: இவற்றில் எது வந்தாலும் அங்கேயே நிறுத்துங்கள். அனுப்பியவரின் பக்கத்தில் 'அபௌட் திஸ் ப்ரொஃபைல்' என்பதைத் திறந்தால் கணக்கு எப்போது தொடங்கியது என்று காட்டும். பத்தாண்டு அனுபவம் என்று எழுதியவரின் கணக்கு போன மாதம் தொடங்கியிருந்தால், அந்த நிறுவனத்தின் அதிகாரபூர்வத் தளத்தில் உள்ள தொடர்பு வழியாகக் கேட்டு உறுதி செய்யும்வரை அடையாள அட்டை நகலையோ வங்கி விவரத்தையோ அனுப்பக் கூடாது.