அந்திரேயாவைப் பற்றி என்ன பேசுவது?

கேள்வி: எங்கள் அன்பியத்தில் (பங்கிலுள்ள சிறு செபக் குழுவில்) கூட்டத்துக்கு ஒருவர், ஒரு திருத்தூதரைப் பற்றிப் பேசுகிறோம். சீட்டுப் போட்டதில் எனக்கு அந்திரேயா விழுந்திருக்கிறார். பேதுருவின் உடன்பிறந்தவர், சாய்ந்த சிலுவையில் இறந்தவர் என்பதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது. பத்து நிமிடம் பேச விஷயம் இருக்கிறதா?
- வாசகி, சமயநல்லூர்

பதில்: தாராளமாக இருக்கிறதம்மா. பேதுருவை இயேசுவிடம் கூட்டிவந்ததே இவர்தான், அங்கிருந்து தொடங்குங்கள். பெத்சாயிதா ஊர்க்காரர். கலிலேயக் கடலில் வலை வீசியவர். திருமுழுக்கு யோவானிடம் சீடராக இருந்தார். "இதோ, கடவுளின் ஆட்டுக்குட்டி" என்று குரு காட்டியதும் இயேசுவின் பின்னால் போய், அன்று அவரோடு தங்கிவிட்டார். மாலை நான்கு மணி இருக்கும் என்று நேரத்தைக்கூட நற்செய்தி சொல்கிறது. பிறகு சீமோன் பேதுருவைத் தேடிப் பிடித்து, "மெசியாவைக் கண்டோம்" என்றார். கீழைத் திருச்சபைகள் இவரை 'முதலில் அழைக்கப்பட்டவர்' என்றே வணங்குகின்றன. ஆனால் இயேசு ஒளிவீசி உருமாறிய மலைக்குப் பேதுருவும் யாக்கோபும் யோவானும் போனபோது இவருக்கு அழைப்பில்லை. எனக்கு அது இன்றும் மனதை உறுத்தும். அவர் முகம் சுளித்ததாக எங்கும் ஒரு வரி இல்லை.

இயேசு பெருங்கூட்டத்துக்கு உணவளித்த, அப்பம் பெருகிய கதைக்குப் பாதி நேரம் ஒதுக்குங்கள். ஞானஒளிவுபுரத்தில் மறைக்கல்வி எடுத்தபோது ஒரு பொடியன் கேட்டான்: "சார், அம்புட்டுக் கூட்டத்துல அந்தப் பையன்கிட்ட சாப்பாடு இருக்குன்னு அவருக்கு எப்பிடித் தெரியும்?" ஆண்கள் மட்டுமே ஐயாயிரம் பேர். இன்னொரு திருத்தூதரான பிலிப்பு இருநூறு தெனாரியம் (ரோமானிய வெள்ளிக்காசு) செலவைக் கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அந்திரேயாவோ ஒரு சிறுவனிடம் ஐந்து வாற்கோதுமை அப்பமும் இரண்டு மீனும் இருப்பதை அறிந்து வைத்திருக்கிறார். வாற்கோதுமை ஏழைகளின் அப்பம். அந்தப் பிள்ளையோடு அவர் உட்கார்ந்து பேசியிருக்க வேண்டும் என்றுதான் நான் நம்புகிறேன். "இத்தனை பேருக்கு இது எப்படிப் போதும்?" என்ற தயக்கம் அவருக்கும் இருந்தது. இருந்தும் சொன்னார்.

இயேசுவைப் பார்க்க வேண்டும் என்று கிரேக்கர் சிலர் வந்தபோதும், பிலிப்பு முதலில் போய் நின்றது இவரிடம்தான்.

கிரேக்க நாட்டுப் பத்ராஸ் நகரில் உயிர்நீத்தார் என்பது மரபு. ஆணி அறையாமல் கயிற்றால் கட்டினார்கள் என்றும், தொங்கியபடியே மக்களுக்குப் போதித்தார் என்றும் பழைய வரலாறுகள் கூறுகின்றன. பெருக்கல் குறி போன்ற அந்தச் சிலுவை பிற்கால ஓவியர்கள் பரப்பியது. ஸ்காட்லாந்துக் கொடியில் இருப்பதும் அதுவே. அவருடைய தலை என்று போற்றப்படும் திருப்பண்டம் 1462இல் ரோமுக்கு வந்தது. ஐந்நூறு ஆண்டுக்குப்பின் 1964இல் திருத்தந்தை ஆறாம் பவுல் அதைப் பத்ராஸுக்கே திருப்பிக் கொடுத்தார். பிரிந்து கிடந்த கத்தோலிக்க, ஆர்த்தடாக்ஸ் திருச்சபைகள் நெருங்க அது உதவியது.

திருவிழா நவம்பர் 30. நேரம் இடித்தால் ஸ்காட்லாந்தை விட்டுவிடுங்கள், அப்பக் கதையை மட்டும் சுருக்க வேண்டாம்.