ரசீது தேதியா, ஓடத் தொடங்கிய தேதியா? – வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை சூரிய மின்சாரத்துக்கும் மின்வாகனத்துக்கும் இருந்த வரிச்சலுகைகள் நீக்கப்பட்டது பற்றியவை.

கேள்வி: அமெரிக்காவில் வசிக்கும் என் மகன் கூரையில் சூரியத் தகடு அமைக்க 2025 டிசம்பரிலேயே முழுப்பணமும் கட்டிவிட்டான். பனிப்பொழிவால் வேலை பிப்ரவரியில்தான் முடிந்தது. 30 சதவீதச் சலுகை உண்டா? (குன்னூர்)

பதில்: கிடையாது. செலவில் 30 சதவீதத்தைக் கட்ட வேண்டிய வரியிலேயே கழித்துக்கொள்ளும் இந்தச் சலுகை, 2022ஆம் ஆண்டுச் சட்டப்படி 2032 வரை நீடித்திருக்க வேண்டியது. 2025 ஜூலை 4 அன்று கையெழுத்தான சட்டம் அதை அவ்வாண்டு டிசம்பர் 31உடன் முடித்துவிட்டது. பணம் கட்டிய நாளை அங்கே பார்ப்பதில்லை. நிறுவும் வேலை முடிந்த நாளைத்தான் பார்க்கிறார்கள். 25,000 டாலர் செலவிட்டிருந்தால் 7,500 டாலர் போயிற்று.

கேள்வி: 2024இல் கடன் வாங்கி மின்சாரக் கார் எடுத்தேன். வட்டிக்கு ஒன்றரை லட்சம் கழிக்கலாமா? (கூடலூர்)

பதில்: கழிக்க இயலாது, 2019 ஏப்ரல் முதல் 2023 மார்ச் 31 வரை ஒப்பளிக்கப்பட்ட கடன்களுக்கே, அதுவும் பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கே அந்தக் கழிவு.

கேள்வி: எங்கள் தேயிலைத் தொழிற்சாலைக் கூரையில் 50 கிலோவாட் சோலார் அமைக்க எண்ணுகிறோம். முதல் ஆண்டிலேயே 80 சதவீதம் தேய்மானம் எழுதலாம், மார்ச் முடிவதற்குள் பில் மட்டும் போட்டுக்கொள்ளுங்கள் என்கிறார் விற்பனையாளர். செய்யலாமா? (கோத்தகிரி)

பதில்: தேய்மானம் என்பது சாதனத்தின் விலையை ஆண்டுக்கு ஆண்டு செலவாக எழுதி, வரிக்குரிய வருமானத்தில் கழிப்பது. அவர் சொல்லும் 80 சதவீதம் 2017 ஏப்ரல் 1 முதல் 40 ஆகிவிட்டது. அந்த ஆண்டில் 180 நாளுக்குக் குறைவாக ஓடிய சாதனத்துக்கு அதிலும் பாதி, அதாவது 20 சதவீதம்தான். மார்ச்சில் பில் மட்டும் இருந்து சாதனம் ஓடத் தொடங்கவில்லை என்றால் அதுவும் இல்லை. ரசீது தேதி வேறு, ஓடத் தொடங்கிய தேதி வேறு என்று இந்தப் பகுதியில் எத்தனை முறை எழுதிவிட்டேன்!

உங்கள் திட்டத்துக்குச் சுமார் 25 லட்சம் ஆகும் என்று வைத்துக்கொண்டால், முழு ஆண்டு ஓடினால் 10 லட்சம் தேய்மானம். வரி விகிதம் 25 சதவீதம் என்றால் முதல் ஆண்டில் மிச்சம் இரண்டரை லட்சம். இதுவும் தள்ளுபடி அன்று, வரியைத் தள்ளிப்போடுவதுதான். இன்று கூடுதலாக எழுதுவது பின்னாளில் எழுத முடியாமல் போகும். சொந்தத் தோட்டத்து இலையை அரைப்பவராக இருந்தால் வருமானத்தில் 40 சதவீதத்துக்கே மத்திய வரி என்பதால், பலன் இன்னும் சுருங்கும். நீங்கள் இலை வாங்கி அரைப்பவரா, தோட்டக்காரரா என்பதைக் கடிதத்தில் எழுதவே இல்லை.

இந்தத் தேய்மானச் சலுகைமீது எனக்கு நெடுநாள் மனக்குறை உண்டு. ஒரு காலத்தில் காற்றாலைக்கு முதல் ஆண்டிலேயே 100 சதவீதம் தேய்மானம், பிறகு 80 என்று இருந்தபோது, காற்றின் வேகத்தை விசாரிக்காமல் வரிக்கணக்கை மட்டும் விசாரித்து ஆலை வாங்கியவர்கள் நம் பக்கத்திலும் சமவெளியிலும் நிறையப் பேர். 2012 ஏப்ரலில் அது 15 ஆகக் குறைக்கப்பட்டது. உற்பத்தியாகும் யூனிட்டுக்கு 50 பைசா தந்துவந்த ஊக்கத்தொகையும் அதே வேளையில் நின்றது. 2011-12இல் 3,000 மெகாவாட்டுக்கு மேல் நிறுவிய நாடு மறு ஆண்டு ஏறத்தாழ 1,700இல் நின்றது. 2014இல் மறுபடி 80 வந்தது. யூனிட்டுக்குத் தந்ததைப் பற்றி எனக்குக் குறை இல்லை, ஏனெனில் அது ஓடியதற்குக் கிடைத்த காசு. தேய்மானமோ நட்டுவைத்ததற்கே கிடைத்துவிடுகிறது.

சென்ற ஆண்டு ஒரு தொழிற்சாலையின் கூரையில் ஏறிப் பார்த்தேன். கீழ் வரிசைத் தகடுகளின் விளிம்பில் பாசி பிடித்திருந்தது. மதியம் இரண்டு மணிக்கே சில்வர் ஓக் மரங்களின் நிழல் பாதித் தகடுகளை மூடியிருந்தது. இன்வெர்ட்டரின் திரை இருண்டு கிடந்தது. மார்ச் 31 தேதியிட்ட பில்லை மட்டும் பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பத்திரமாக வைத்திருந்தார்கள். அங்கே இலை வாட்டும் தொட்டிகளின் விசிறிகள் பெரும்பாலும் இரவில்தான் ஓடுகின்றன என்பதை விற்றவரும் கேட்கவில்லை, வாங்கியவரும் சொல்லவில்லை. ஆகவே முதலில் உங்கள் பகல்நேர மின்தேவையையும் மரநிழலையும் கணக்கிடுங்கள். தேய்மானத்தைக் கணக்கில் சேர்க்காமலே திட்டம் தேறினால் மட்டும் இறங்குங்கள்.

கேள்வி: சலுகை எல்லாம் எடுத்துவிட்டார்களாமே, இனி சோலார் போட்டால் லாபமா? (உதகை)

பதில்: எந்த நாட்டில், எந்தச் சலுகை, எத்தனை கிலோவாட், இரு மாத மின்கட்டணம் எவ்வளவு என்று எதுவும் சொல்லாமல் இப்படிக் கேட்டால் எப்படிப் பதில் சொல்வது? அமெரிக்காவில் நீக்கியதைச் செய்தியில் பார்த்துவிட்டு எழுதியிருக்கிறீர்கள் என ஊகிக்கிறேன். இங்கே வீடுகளுக்கான பிரதமர் சூரிய வீடு திட்டம் 2026-27 வரைக்குமானது. 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் வரை தருகிறார்கள், ஆனால் சாதனம் ஓடத் தொடங்கிய பிறகே தருவார்கள். இரு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்பதால், குறைவாகச் செலவிடும் வீட்டில் போட்ட பணம் திரும்ப வெகுகாலம் ஆகும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை உதகையில் வெயில் எத்தனை மணிநேரம் வருகிறது என்பது என்னைவிட உங்களுக்கே தெரியும்.

கேள்வி: சோலாருக்கு ஜிஎஸ்டி 12 சதவீதம் என்று பழைய விலைப்பட்டியலில் உள்ளது. (அருவங்காடு)

பதில்: பழைய பட்டியலைக் கிழித்துப் போடுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதம். பொருத்தும் வேலையும் சேர்ந்த ஒப்பந்தம் என்றால் மொத்தத்தில் சுமார் 9 சதவீதம் வரும்.

கேள்வி: அமெரிக்காவில் 7,500 டாலர் சலுகை நின்றதும் மின்கார் விற்பனை விழுந்துவிட்டது. அப்படியானால் அது சலுகையால் மட்டுமே விற்ற பொருள்தானே? (வெலிங்டன்)

பதில்: அவசரப்பட்டு முடிவு கட்டாதீர்கள். 2025 செப்டம்பர் 30 கடைசி நாள் என்றதும் பின்னர் வாங்கவிருந்தவர்களும் முந்திக்கொண்டதால் ஜூலை முதல் செப்டம்பர் வரையிலான விற்பனை உச்சம் தொட்டது. அடுத்த காலாண்டின் பள்ளத்தில் ஒரு பகுதி அந்த மேட்டைக் குவிக்க வெட்டிய குழிதான். இரண்டு காலாண்டை அருகருகே வைத்துத் தீர்ப்புச் சொல்வது சரியன்று. ஒன்றிரண்டு முழு ஆண்டுகள் போகட்டும்.

கேள்வி: சாதனம் ஏப்ரலில்தான் ஓடியது. சான்றிதழில் மார்ச் என்று போட்டுத் தரச் சொல்லலாமா? (பெயர், ஊர் இல்லை)

பதில்: கூடாது. மின்வாரிய மீட்டரின் முதல் அளவீடு ஏப்ரல் என்றே சொல்லும்.