அந்த மண்மேட்டுல கை வைக்காதீங்க, தங்கச்சி

தூத்துக்குடியில இருந்து இலங்கை மலையகத்துல தலவாக்கலைக்குக் குடி வந்திருக்கிற தங்கச்சிக்கு, பக்கத்து ஹட்டன்ல இருந்து எழுதறேன். நீங்க கேட்டது இதுதானே: வாடகை வீட்டுல குசினி எட்டடிக்கு ஆறடி. பகல் பன்னெண்டு மணிக்கும் லைட் போட்டாத்தான் அரிசியில கல் தெரியுது. ஜன்னலைத் திறந்தா ரெண்டடி தள்ளி மண்மேடு. அதைக் கொஞ்சம் வெட்டிட்டு ஜன்னலைப் பெரிசாக்கித் தரேன்னு வீட்டு ஓனர் சொல்றார். என்ன கலர் அடிக்கலாம், ஊர்ல இருந்து மாடுலர் கிச்சன் ஆளைக் கூட்டிட்டு வரலாமா. அதோட விசா, பிள்ளைக்கு ஸ்கூல், சம்பளத்துல மிச்சம் பிடிக்க முடியுமா, இங்கே உள்ளவங்களுக்கு நம்ம தமிழ் புரியுமான்னு ஒரு பட்டியல்.

விசாவை உங்க வீட்டுக்காரரோட கம்பெனி பார்த்துக்கும். நான் கல்யாணமாகி வந்தவ, என் கதை வேற. ஸ்கூலை நேர்ல போய்ப் பார்த்துத்தான் முடிவு பண்ணணும். மிச்சம் பிடிக்கிறது உங்க கை. குசினியைப் பத்தி மட்டும் சொல்றேன்.

முதல்ல அந்த மேடு. வெட்டவே கூடாது. மலையில வீடுன்னா சரிவை வெட்டித் தட்டையாக்கி அதுல கட்டறதுதான். முன்பக்கம் ரோட்டைப் பார்க்கும், பின்பக்கம் வெட்டின மண்ணைப் பார்க்கும். குசினி எப்பவும் பின்னாலதான். இருட்டுக்குக் காரணம் அதுதான், உங்க வீடு மட்டுமில்ல, அந்த வரிசை முழுக்க அப்படித்தான் இருக்கும். மேட்டோட காலை வெட்டிட்டா மேல இருக்கிற மண் எதைப் பிடிச்சு நிக்கும்? வெயில் காலத்துல ஒண்ணும் தெரியாது. மே மாசம் தென்மேற்கு மழையோ, அக்டோபர் நவம்பர் மழையோ பிடிச்சு, நாள் கணக்கா ஊத்தி, மண் தண்ணியைக் குடிச்சுக் கனத்ததுக்கப்புறம்தான் இறங்கும். 2014 அக்டோபர் 29-ஆம் தேதி கொஸ்லாந்தை மீரியபெத்தையில தோட்டத் தொழிலாளிங்க இருக்கிற லயம், அதாவது வரிசை வீடுங்க, அப்படியே மண்ணுக்குள்ள போச்சு. அது பெரிய சரிவு, குசினி ஜன்னலுக்காக வெட்டினது இல்லதான். ஆனா மழை குடிச்ச மண்ணு எங்கேயும் ஒரே மாதிரிதான் நடந்துக்கும். 2025 நவம்பர் கடைசியில டித்வா புயல் வந்தப்ப மலையகத்துல எத்தனை இடத்துல மேடு இறங்குச்சுன்னு நீங்களும் டிவியில பார்த்திருப்பீங்க. இந்த மாவட்டத்துல கட்டறதுன்னா தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்துக்கிட்ட கேக்க வேண்டியிருக்கும், சும்மா மம்பட்டியைத் தூக்கிட்டுப் போற விஷயமில்ல. "அதெல்லாம் நான் பார்த்துக்கறேன்"னு ஓனர் சொல்வார். அவர் எங்கேயோ தூங்குவார், அந்தச் சுவருக்கு இந்தப் பக்கம் தூங்கப் போறது நீங்களும் பிள்ளையும்.

அந்த ரெண்டடி சந்துல ஒரு கான், அதான் மழைத்தண்ணி வாய்க்கால், ஓடும். அதுல சருகும் மண்ணும் அடைக்காமப் பார்த்துக்குங்க. மழை நேரத்துல மேட்டுல புதுசா வெடிப்பு தெரிஞ்சாலோ, இல்லாத இடத்துல கலங்கல் தண்ணி ஊறினாலோ, நேத்து வரைக்கும் மூடின கதவு இன்னிக்கு இறுகினாலோ, பாத்திரத்தையெல்லாம் பார்க்காதீங்க. பிள்ளையைத் தூக்கிட்டு வெளியே வந்துடுங்க.

பயமுறுத்தறேன்னு நினைக்காதீங்க. நான் துறையூர்க்காரி. முற்றத்துல வெயில் கொட்டற வீட்டுல வளர்ந்து, வெளிச்சம்னா காசு கொடுக்காமக் கிடைக்கிற சாமான்னு நினைச்சவ. தொண்ணூறுகள்ல கல்யாணமாகி, கடைக்குப் பின்னால இருந்த எங்க வீட்டு அடுப்படிக்குள்ள நுழைஞ்சப்ப முதல்ல ஆள் எங்கே நிக்கறாங்கன்னே தெரியல, வளையல் சத்தம் மட்டும் கேட்டுச்சு. கூரை தகரம். அடியில விறகு எரியும், வெளியே மூடுபனி. ஆவி மேல போய்த் தகரத்துல குளிர்ந்து, புகைக்கரியோட கலந்து, சொட்டுச் சொட்டா விழும். பட்ட இடமெல்லாம் கோப்பிக் கலர்ல கறை. கல்யாணத்துக்கு எடுத்த மஞ்சள் சேலையோட தோள்பட்டையில முதல் வாரமே மூணு கறை விழுந்துச்சு, எந்த சோப்புக்கும் அது போகல.

என் மாமியார் லயத்துல பொறந்தவங்க. பத்தடிக்குப் பன்னெண்டடி காம்பரா, அதாவது அறை, ஒண்ணு, முன்னால இஸ்தோப்புன்னு சொல்ற திண்ணை, அந்த இஸ்தோப்போட மூலையில அடுப்பு. காம்பராவுக்கு ஜன்னலே கிடையாது. நான் மூக்கைச் சிந்திக்கிட்டு நிக்கிறதைப் பார்த்து, "இது இருட்டா? இருட்டை நீ இன்னும் பார்க்கலம்மா"ன்னாங்க. அப்ப கோபம் வந்துச்சு. அவங்க பொறந்த லயத்தை ஒருநாள் கூட்டிட்டுப் போய்க் காட்டினப்ப வாயை மூடிக்கிட்டேன். அவங்க சொந்தத்துல பாதி, தோட்டத்து ஆளுங்களை இந்தியாவுக்கு அனுப்பறதுக்கு ரெண்டு நாடும் போட்ட 1964 ஒப்பந்தத்துக்கப்புறம் கோத்தகிரிப் பக்கம் போயிட்டாங்க. நான் துறையூர்ல இருந்து இங்கே வந்தது அவங்களுக்குப் பெரிய வேடிக்கை. "எல்லாரும் அந்தப் பக்கம் போனா இவ இந்தப் பக்கம் வந்திருக்கா"ன்னு கடைக்கு வர்றவங்ககிட்டயெல்லாம் சொல்லிச் சிரிப்பாங்க.

வெளிச்சத்துக்கு அவங்க கண்டுபிடிச்ச வழிதான் இன்னிக்கும் எங்க வீட்டுல நடக்குது. வருஷப் பிறப்புக்கு முன்னால எல்லாரும் வீட்டுக்குள்ள வெள்ளையடிப்பாங்க. எங்க மாமியார் வெளியேயும் அடிப்பாங்க. ஜன்னலுக்கு எதிர்ல மேட்டு மண் சரியாம இருக்கக் கட்டின கல் அணைச்சுவருக்கு ரெண்டு மூணு பூச்சு சுண்ணாம்பு. மேல வானத்துல இருந்து சந்துக்குள்ள விழற கொஞ்ச வெளிச்சம் பாசி பிடிச்ச கறுப்புச் சுவர்ல செத்துப்போகும், வெள்ளைச் சுவர்னா திரும்பி ஜன்னல் வழியா உள்ளே வரும். அவ்வளவுதான். உங்க மேட்டுக்கு அணைச்சுவர் இருந்தா இந்த வாரமே செய்யுங்க. சுவர்ல தண்ணி வடியறதுக்கு வச்ச ஓட்டையை மட்டும் பூசி அடைச்சுடாதீங்க. வெறும் மண்ணுன்னா சிமெந்து பூசற யோசனையெல்லாம் வேண்டாம், உள்ளே தண்ணி தேங்கி மொத்தமாத் தள்ளிடும். பழைய தகரம் ரெண்டுக்கு வெள்ளை பெயின்ட் அடிச்சு, மேட்டைத் தொடாம, கானை மறிக்காம, ஜன்னலுக்கு எதிர்ல நிக்க வச்சுப் பாருங்க. சுண்ணாம்பு கலக்கறப்ப கண்ணு பத்திரம்.

உள்சுவருக்கு வருவோம். கரிப்பிடிச்ச சுவர்மேல நேரா பெயின்ட் அடிச்சா சீக்கிரமே மஞ்சளாக் கசியும். வாஷிங் சோடாவும் சுடுதண்ணியும் வச்சுத் தேய்ச்சுக் கழுவிக் காய விடணும். பூஞ்சணம் பிடிச்ச மூலைக்கு பிளீச்சிங் பவுடர் தண்ணி. அதோட ஆசிட் கீசிட் எதையும் கலந்துடாதீங்க, வர்ற வாயு ஆளைச் சாய்ச்சுடும். மண் பக்கத்துச் சுவர் வருஷம் பூரா ஈரம் இழுக்கும், அதுக்குப் பளபளப்பு பெயின்ட் அடிச்சா கொப்புளம் கொப்புளமா வரும். அதுக்குச் சுண்ணாம்புதான், ஈரம் வெளியே போகும், பூஞ்சணமும் சுலபமா வராது, வருஷா வருஷம் அடிக்கணும், அது மட்டும்தான் தொல்லை. மத்த மூணு சுவருக்கும் துடைச்சா கரி போற மாதிரி வெளிர் மஞ்சள் கலந்த வெள்ளை. சீலிங் சுத்த வெள்ளை. ஊர்ல மாதிரி ரோஸ், பச்சைன்னு போகாதீங்க, மூடுபனி நாள்ல ரெண்டும் சாம்பலாத்தான் தெரியும்.

மாடுலர் கிச்சன் ஆளா? வேண்டவே வேண்டாம். சென்னையில இருந்து வந்த ஒரு குடும்பம் நுவரெலியாவுல செஞ்சு வச்சாங்க. பலகை அலமாரி, மேல ஃபால்ஸ் சீலிங், உள்ளுக்குள்ள குட்டி குட்டி லைட். அடுத்த மழைக்கு அலமாரிக் கதவெல்லாம் உப்பி மூட முடியல, பின்னால கை விட்டா பூஞ்சணம் பஞ்சு மாதிரி வந்துச்சு. இங்கே உப்பு டப்பாவுல உப்பே தண்ணியாகும், மரத்தூள் பலகை என்ன பாடுபடும்? நம்ம ஆளுங்க மட்டும் இல்ல. இங்கிருந்து கத்தார், கனடான்னு போன பிள்ளைங்க காசு அனுப்பி மாடி வீடு கட்டறாங்க, சந்தோஷம்தான். ஆனா ஜன்னலுக்கெல்லாம் கறுப்புக் கண்ணாடி! வெயில் தாங்காத ஊர்ல போடற கண்ணாடியை, வெயிலுக்காக ஏங்கற ஊர்ல கொண்டு வந்து மாட்டினா என்ன சொல்றது. அம்மாக்காரி பகல்ல டோர்ச் அடிச்சுத் தேயிலை டின்னைத் தேடறா.

சின்ன இடத்தைப் பெரிசாக்கறதுக்கு வாங்கறதைவிட வெளியேத்தறதுதான் வேலை. ஃபிரிஜ்ஜை நடையில வையுங்க. ஜன்னலுக்கு மேல பாதியை மறைக்கிற அலமாரி இருந்தா கழட்டிடுங்க. ஜன்னல் வலையில எண்ணெயும் தூசியும் பிடிச்சிருந்தா அதைக் கழட்டிக் கழுவினாலே உள்ளே நல்லாத் தெரியும், நம்பமாட்டீங்க. திரைச்சீலையைக் கீழ்ப்பாதிக்கு மட்டும். சுவரோட மடங்கற பலகை ஒண்ணு கீல் போட்டு அடிக்கச் சொல்லுங்க, வெட்டறப்ப விரிச்சு, முடிஞ்சா மடிச்சுடலாம். பாத்திரத்துக்குத் திறந்த ஸ்டீல் ராக்கை போதும், காத்துப் பட்டாத்தான் இங்கே எதுவும் கெடாம இருக்கும். பின்கதவை ரெண்டா அறுத்து அரைக்கதவாக்கச் சொன்னா பாஸ், இங்கே தச்சரை அப்படித்தான் கூப்பிடுவாங்க, அரை நாள்ல செஞ்சுடுவார். மேல்பாதியைத் திறந்து வச்சா வெளிச்சமும் வரும், புகையும் போகும், கீழ்ப்பாதி மூடியிருக்கறதால நாய் வராது. மழைக்காலத்துல ரத்தம் குடிக்கிற அட்டை மட்டும் எப்படியும் வரும், அதுக்கு உப்பு.

கூரை தகரமா இருந்தா, ஓனர் சம்மதிச்சா, ஒரு தகரத்தை எடுத்துட்டு அதே வளைவு உள்ள வெளிச்சம் வர்ற பிளாஸ்டிக் தகடு போடலாம். ஆணியை மேடான வளைவுல அடிக்கணும், பள்ளத்துல அடிச்சா ஒழுகும். வருஷத்துக்கு ஒருக்கா பாசியைக் கழுவணும். கூரை அஸ்பெஸ்டோஸ்னா உங்க முன்னால ரம்பத்தால அறுக்க விடாதீங்க, அந்தத் தூசு நெஞ்சுக்குக் கேடு. எவரையும் அது மேல ஏறவும் விடாதீங்க.

பல்ப்புக்கு ஒரே ஒரு விஷயம். நடுக்கூரையில எவ்வளவு பெரிய பல்ப் மாட்டினாலும் நீங்க அடுப்பைப் பார்த்து நின்னா உங்க நிழல் சட்டியில விழும். வெட்டற இடத்துக்கு மேல, தலைக்கு முன்னால, ஒரு சின்ன எல்இடி பட்டை. ஆனா கரண்டையே நம்பி எல்லாத்தையும் அமைச்சுடாதீங்க. 2022 மார்ச் கடைசியில ஒரு நாளைக்கு 13 மணி நேரம் கரண்ட் வெட்டினாங்க. அதே வருஷம் கேஸும் கிடைக்கல. மாமியார் இடிக்க விடாம வச்சிருந்த மண்ணடுப்புதான் எங்களுக்குச் சோறு போட்டுச்சு. தோட்டத்துல கவாத்து வெட்டின மிலாறு, அதான் தேயிலைச் செடிக் குச்சி, ஒரு கட்டு கிடைச்சா போதும், நின்னு எரியும். அதுக்கு முன்னால "இந்த அடுப்பை இடிச்சா இடம் கிடைக்குமே"ன்னு யோசனை சொன்ன உறவுக்காரங்கதான் அந்த வருஷம் சட்டியைத் தூக்கிட்டு எங்க வீட்டுக்கு வந்தாங்க.

கேஸ் சிலிண்டரை அழகுக்காக அலமாரிக்குள்ள வச்சுக் கதவு மூடறாங்க, புதுசா வர்ற எல்லாரும் செய்யற காரியம் இது. கேஸ் காத்தைவிடக் கனம், கசிஞ்சா தரையிலதான் தேங்கும். மேல எக்ஸாஸ்ட் ஃபேன் இருக்குன்னு தைரியமா இருக்காதீங்க. சிலிண்டர் திறந்த இடத்துல, கதவோரமா நிக்கட்டும், குளிருக்காகக் கதவிடுக்கில துணி திணிக்காதீங்க. ஜனவரி விடியக்காலையில தீ சோம்பலா எரியும். அதுக்காக சிலிண்டரைச் சுடுதண்ணிப் பாத்திரத்துல வைக்கிற புத்திசாலிங்களும் இருக்காங்க, அவங்க பேச்சைக் கேக்காதீங்க.

தமிழ் புரியுமான்னு கேட்டீங்களே, அதுக்குத்தான் எனக்குச் சுருக்குன்னு வந்துச்சு. நம்ம திருச்சி, சேலம், புதுக்கோட்டையில இருந்து வந்தவங்களோட பேரப்பிள்ளைங்க தங்கச்சி இவங்க. மலையகத்துக்குத் தமிழங்க வந்து 200 வருஷம்னு 2023-ல இந்த ஊரே நினைவு கொண்டாடிச்சு. ஊர்ல இருந்து வேலைக்கு வர்ற சிலபேர் அவங்களுக்குள்ளயே ஒரு வாட்ஸ்அப் குரூப் வச்சுக்கிட்டு, தேங்கா விலையை இந்திய ரூபாய்க்கு மாத்தி மாத்தி அழுதுக்கிட்டு, பக்கத்து வீட்டுக்காரங்க பேர் தெரியாமலே திரும்பிப் போயிடறாங்க. நீங்க பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி, அவங்க குசினியை ஒருக்கா பார்க்கலாமான்னு கேளுங்க. ஒரே வரிசை, ஒரே மேடு, அவங்க எங்கே எதை வச்சிருக்காங்கன்னு பார்த்தாலே என் கடிதத்துல பாதி வேண்டியிருக்காது. பிளேன்டீ குடிக்காம விடமாட்டாங்க, அதுக்கும் நேரம் வச்சுக்கிட்டுப் போங்க.

ஊர்ல இருந்து கொண்டு வந்த மிக்ஸிக்கு வட்டப் பின் இருக்கும், இங்கே புது வீட்டுல சதுரப் பின் பிளக். தீக்குச்சியைச் சொருகி ஒப்பேத்தாம, எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் பிளக் மாத்திக்குங்க. சுண்ணாம்பு, பெயின்ட் எதுவானாலும் சிவனொளிபாத மலைக்கு யாத்திரை போற சீசன் நடக்கறப்பவே, ஜனவரியில இருந்து மார்ச்சுக்குள்ள முடிச்சுடுங்க. மே பிறந்துட்டா செப்டம்பர் வரைக்கும் எந்தப் பூச்சும் ஒழுங்காக் காயாது.